சரிபாதி

நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. வகுப்பில் பௌதிகம் பயின்றுகொண்டிருந்த 1953-ஆம் வருஷத்தில், குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரை எட்டிவந்து ஓட்டுக் கூரையின் மீது தூறிக்கொண்டிருந்த ஓர் ஆடி மாதப் பிற்பகலில், எங்கள் ஆசிரியர் தேக்குப் பலகையால் செய்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையின் மீது வைத்தார். அதன் மூடி நான்கு திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. வெளியே தெரிந்தவை இரண்டு பித்தளை முனைகள் மட்டுமே. உள்ளே இருப்பது இன்னதென்று அவர் சொல்லவில்லை.

"இந்த இரண்டு முனைகளுக்கு நடுவே நீ எதை வேண்டுமானாலும் கட்டிப் பார்க்கலாம், தம்பி. பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. இதிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு திறனை வெளியே எடுக்கலாம் என்று கண்டுபிடித்துச் சொல்" என்று கூறி, ஒரு ரியோஸ்டாட்டையும் ஓர் அம்மீட்டரையும் ஒரு வோல்ட்மீட்டரையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

முனைகளில் சுமை எதையும் கட்டாமல் வோல்ட்மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தேன். முள் 12 வோல்ட்டில் நின்றது. ஆயினும் மின்னோட்டமே இல்லாதவிடத்தில் திறன் என்பது ஏது? அதற்கு நேர்மாறாக, அம்மீட்டரின் வழியாக இரண்டு முனைகளையும் தடித்த செம்புக் கம்பியால் ஒரு கணம் இணைத்துப் பார்த்தேன். மூன்று ஆம்பியர் பாய்ந்தது. ஆனால் முனைகளுக்கு இடையே அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்டபடியால், அப்பொழுதும் வெளியே கிடைத்தது பூஜ்யமே. இந்த இரண்டு பூஜ்யங்களுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் உச்சி இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் உதித்தபோது எனக்கு உண்டான உற்சாகம், இத்தனை வருஷங்களுக்குப் பிறகும், அந்த ஓட்டுக் கூரையின் தூறல் ஓசையோடு சேர்ந்தே என் நினைவுக்கு வருகிறது.

ரியோஸ்டாட்டின் கைப்பிடியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி எழுதிக்கொண்டே வந்தேன். சுமை ஓர் ஓமாக இருந்தபோது ஏறக்குறைய 5.76 வாட், இரண்டு ஓமுக்கு 8 வாட், நான்கு ஓமுக்கு 9 வாட். அதற்கு மேல் தடையைக் கூட்டக் கூட்டத் திறன் இறங்கலாயிற்று. எட்டு ஓமுக்கு மறுபடியும் 8 வாட். பதினாறு ஓமுக்கு மறுபடியும் அதே 5.76 வாட். வரைபடத் தாளில் புள்ளிகளை இட்டு இணைத்தபோது, பொதிகை மலையின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் நெடுஞ்சரிவாகவும் இறங்குவதைப் போன்ற ஒரு வளைவு உருவாயிற்று. அதன் முகடு கூரானதன்று என்பதையும் அப்பொழுதே கவனித்தேன். நான்கு ஓமுக்குப் பதிலாக அதில் பாதியைக் கட்டினாலும், இரட்டிப்பைக் கட்டினாலும், ஒன்பதில் ஒரு பங்குதான் குறைகிறது. இன்னும் ஒன்று: ஒரே திறனைத் தரும் ஜோடிகளைப் பெருக்கிப் பார்த்தால், இரண்டும் எட்டும் பதினாறு, ஒன்றும் பதினாறும் பதினாறு, நடுவில் நிற்கும் நான்கைத் தன்னோடு தானே பெருக்கினாலும் அதே பதினாறு. யாரும் சொல்லித்தராமல் நானாகவே ஒரு கணித உண்மையின் மீது கால் இடறிய முதல் அனுபவம் அது.

ஆசிரியர் திரும்பிவந்து தாளைப் பார்த்தார். பாராட்டாக ஒரு சொல்லும் சொல்லவில்லை, "உங்கள் ஊரில் கமலை இறைப்பார்கள் அல்லவா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் தாத்தாவின் தோட்டத்தில் இரட்டை மாடு பூட்டிக் கமலை இறைப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். "தண்ணீர் மொள்ளும் தோல் சாலை மிகப் பெரிதாகத் தைத்துவிட்டால் மாடுகள் அதை அசைக்க முடியாமல் நின்றுவிடும்; மிகச் சிறிதாகத் தைத்தால் ஓட்டமாய் ஓடிவந்து ஓடித் திரும்பும், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் பாயாது. மாட்டின் பலத்தைப் பார்த்துச் சாலின் அளவை நிச்சயிக்கிறவன் செய்வதும் இந்தக் கணக்குத்தான்" என்றார். நம்முடைய பாஷையில் வண்டி மாடு இழுப்பதும் சுமை, மின்சாரம் இயக்குவதும் சுமை என்று ஒரே சொல்லால் வழங்குவது எத்துணைப் பொருத்தம் என்பது எனக்கு அன்று விளங்கிற்று.

பிறகு அவர் கரும்பலகையில், வகையீட்டுக் கணிதம் ஏதுமின்றி, நாலே வரியில் காரணத்தை எழுதிக் காட்டினார். பெட்டிக்குள்ளே ஏதோ ஒரு தடை மறைந்திருக்கிறது. 12 வோல்ட்டும் அந்த அகத்தடைக்கும் வெளிச் சுமைக்குமாகப் பங்கு பிரிகிறது. வெளியே கிடைக்கும் திறனோ, இந்த இரண்டு பங்குகளையும் பெருக்கி அகத்தடையால் வகுத்த ஈவு. கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களின் பெருக்கற்பலன், அவை சமமாக இருக்கும்போதே மிகப் பெரிதாகும்: நான்கும் எட்டும் முப்பத்திரண்டு, ஐந்தும் ஏழும் முப்பத்தைந்து, ஆறும் ஆறும் முப்பத்தாறு. இருக்கிற கயிற்றைக் கொண்டு நீள்சதுரமாக நிலத்தை வளைக்கிறவன், நாற்புறமும் சமமாக வளைத்தால்தான் அதிக நிலம் அடைபடும் என்ற பழைய கணக்கே இது. ஆகவே சுமையின் தடை அகத்தடைக்குச் சமமாகும் இடத்தில்தான் உச்சி. முப்பத்தாறை நான்கால் வகுத்தால் ஒன்பது. என் தாளில் இருந்த ஒன்பது வாட்.

அதன் பிறகே திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே ஆறு ஈயச் சேமக்கலங்களும், அவற்றோடு தொடராக இணைத்த நான்கு ஓம் கம்பிச் சுருள் ஒன்றும் இருந்தன. ரியோஸ்டாட்டை நான்கு ஓமில் வைத்து, சற்று நேரம் மின்னோட்டத்தை விட்டு, "சுருளின் பக்கத்தில் கையைக் கொண்டுபோ" என்றார். அது நன்றாகச் சுட்டது. "உன்னுடைய ஒன்பது வாட் வெளியே இருக்கிறது, மற்றோர் ஒன்பது வாட் இங்கே இருக்கிறது. சரிபாதி. இதை மறந்துவிடாதே" என்றார். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதனாலேயே புரிந்துவிட்டதாகவும் எண்ணிக்கொண்டேன்.

அது புரியவில்லை என்பது அடுத்த வருஷம் சித்திரை மாதத்தில் வெளிப்பட்டது.

என் தாய்மாமன் தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கல்யாணங்களுக்கும் கோயில் கொடைகளுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுவதும் உண்டு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் ஈயப்பற்று வைக்கிற அந்த விரல்களின் நிதானத்தை, பிற்காலத்தில் பெரிய பெரிய தொழிற்கூடங்களிலும் நான் அதிகமாகப் பார்த்ததில்லை. விடுமுறையில் நான் அவருக்கு ஒத்தாசையாக இருந்தேன். பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் கொடை, இரவு வில்லுப்பாட்டு. மாமாவுக்கு அன்றே வேறோர் ஊரில் ஒரு கல்யாண வேலையும் வந்துவிட்டபடியால், "நீ முந்திப் போய்க் கட்டிவை, நான் ராத்திரிக்குள் வந்துவிடுகிறேன்" என்று சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றி என்னை அனுப்பிவைத்தார்.

அந்த ஊருக்கு அப்பொழுது மின்சாரம் வந்திருக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் ஒரு கார் பாட்டரியில் ஓடியது. அதனுள்ளே வைப்ரேட்டர் ஒரு வண்டைப்போல் ஓயாமல் ரீங்காரம் செய்துகொண்டிருக்கும். 6வி6 என்னும் வால்வுகள் ஒரு ஜோடி. அவை தரக்கூடியது பத்து வாட். பின்புறத்துப் பேக்லைட் பட்டையில் 0, 4, 8, 16 என்று பொறித்த நான்கு திருகு முனைகள். ஆம்ப்ளிஃபயரை வைத்தது கோயில் தெருவின் மேற்குக் கோடியில். சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக நான்கு குழாய் ஸ்பீக்கர்களையும் கட்டுவது கிழக்குக் கோடியிலுள்ள பெரிய வேப்ப மரத்தில். ஒவ்வொரு குழாயின் தடையும் 16 ஓம். இடைத்தூரம் நூறு கஜத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கென வைத்திருந்த மெல்லிய இரட்டைக் கம்பியை, போக வரச் சேர்த்து, மாமாவின் மீட்டரால் அளந்து பார்த்தேன். நான்கு ஓம்.

அந்த நான்கு என்ற எண் என்னைப் பரவசப்படுத்திவிட்டது. நான்கு குழாய்களையும் பக்க இணைப்பில் ஒன்றாகச் சேர்த்தால் பதினாறு நான்காகும், கம்பியும் நான்கு, சுமையும் நான்கு, இரண்டும் சமம், ஆகவே திறன் உச்சம். மொத்தம் எட்டு ஓம் ஆகிறபடியால், 8 என்று பொறித்த முனையில் கட்டினால் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம். கல்லூரியில் கற்ற ஒரு சித்தாந்தம் ஒரு கிராமத்து வேப்ப மரத்தில் இப்படி அச்சாகப் பொருந்துகிறதே என்ற மகிழ்ச்சியோடு மரத்திலிருந்து இறங்கினேன்.

வில்லுப்பாட்டு ஆரம்பமாயிற்று. குடத்தின் முழக்கமும் உடுக்கையும் வீசுகோல் மணிகளும் தெருவெங்கும் நிறைந்தன. எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. ஆனால் அக்கரை வயல்களைத் தாண்டி வந்த ஒரு பெரியவர் என் அருகில் உட்கார்ந்து, "போன வருசம் அக்கரையில வயக்காட்டுக் காவல்ல கெடந்தவனுக்கெல்லாம் வார்த்தை வார்த்தையா கேட்டுச்சே தம்பி, இந்த வருசம் சத்தம் ஆத்தைத் தாண்டலையே?" என்றார். அவர் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அன்றிரவு காவலை விட்டு வர முடியாத ஒருவனுக்கு, அம்மன் கதை காதில் விழாமல் போகிறதே என்ற ஆதங்கம்தான் அந்தக் குரலில் இருந்தது.

பத்து மணி சுமாருக்கு மாமா சைக்கிளில் வந்து சேர்ந்தார். பெரியவர் சொன்னதை நான் சொன்னதும், ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு தெருக்கோடி வரை நடந்துபோய் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எல மருமவனே, நாலையும் ஒண்ணாச் சேத்தா கெட்டியிருக்க?"

"ஆமா மாமா. கம்பிக்கு நாலு ஓம், குழாய்க்கு நாலு ஓம். ரெண்டும் சமமா இருந்தாத்தான் அதிகத் திறன் கிடைக்கும்னு காலேஜ்ல படிச்சிருக்கோம்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கம்பிக்குப் பாதியக் குடுத்துட்டு, மிச்சத்தத்தான் ஊருக்குக் குடுக்கியா? கம்பியா கதை கேக்க வந்திருக்கு?" என்றார். "நீளக் கம்பின்னா பெரிய ஓம் கெட்டணும்ல."

புலவர் வெற்றிலை போடுவதற்காகப் பாட்டை நிறுத்திய இடைவேளையில், மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார். நான் கீழிருந்து டார்ச்சைப் பிடித்தேன். இரண்டு குழாய்களைத் தொடராகவும், மற்ற இரண்டைத் தொடராகவும் பிணைத்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தார். தொடரில் பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு. இரண்டு முப்பத்திரண்டுகள் பக்கமாகச் சேர்ந்தால் மறுபடியும் பதினாறு. பேக்லைட் பட்டையில் கம்பியை 8-இலிருந்து 16-க்கு மாற்றினார். பாட்டு மீண்டும் தொடங்கியபோது, தெருவில் இருந்தவர்களுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பெரியவர் ஆற்றங்கரை வரை நடந்துபோய், நெடுநேரம் கழித்துத் திரும்பிவந்து, ஒன்றும் பேசாமல் என் தோளில் கையை வைத்தார்.

அன்றிரவு கோயில் திண்ணையில் படுத்தபடியே மனத்துக்குள் கணக்குப் போட்டேன். நான் கட்டியபோது பத்து வாட்டில் ஐந்து, தெரு நெடுகிலும் கம்பியைச் சூடாக்கிற்று. ஐந்துதான் மரத்தை அடைந்தது. மாமா கட்டியபோது மொத்தம் இருபது ஓமில் பதினாறு குழாய்களுடையது. ஐந்தில் நான்கு பங்கு. ஏறக்குறைய எட்டு வாட். கணக்கு மாமாவின் பக்கம் இருந்தது. ஆனால் என் ஆசிரியரின் கரும்பலகையில் பிழை எங்கே என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. வரைபடத் தாளில் நானே என் கண்ணால் கண்ட உச்சி பொய்யாகுமா?

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் முதல் வேலையாக ஆசிரியரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மாமாவின் வார்த்தைகளை மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உனக்கு நான் நிபந்தனை போட்டேன். உன் கம்பியைப் பற்றி அப்படி யார் நிபந்தனை போட்டார்கள்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் பழைய படத்தையே மறுபடியும் பலகையில் எழுதினார். ஆனால் இந்தத் தடவை சுமையை நான்கு ஓமில் நிறுத்திவிட்டு, அகத்தடையைக் குறைத்துக்கொண்டே வந்தார். அகத்தடை நான்கு என்றால் சுமைக்கு 9 வாட், இரண்டென்றால் 16, பூஜ்யமென்றால் 36. இங்கே உச்சி என்பதே இல்லை. குறையக் குறைய லாபம்தான். "மூலம் கொடுக்கப்பட்டது, சுமை உன் இஷ்டம் என்றால், இரண்டையும் சமமாக்கு. சுமை கொடுக்கப்பட்டது, மூலம் உன் கையில் என்றால், அகத்தடையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறை. கம்பி உன் கையில் இருந்தது. இன்னும் தடித்த கம்பி போட்டிருக்கலாம். அது கிடைக்காவிட்டால், கம்பியின் தடை அற்பமாகத் தோன்றும்படி சுமையைப் பெரிதாக்கி, ஆம்ப்ளிஃபயர் முனையையும் அதற்கேற்ப மாற்றியிருக்கலாம். உன் மாமா செய்தது அதுதான். அவருக்குச் சூத்திரம் தெரியாது. ஆனால் எது தம் கையில் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது."

இந்தத் தவறு எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று சொல்லி, என் மனத்தைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, அன்று மாலை அவர் சொன்ன சரித்திரத்தை நான் மறக்கவில்லை. மாரிட்ஸ் ஹெர்மான் யாக்கோபி என்பவர் ஜெர்மனியில் பிறந்து ருஷ்யாவில் வாழ்ந்தவர். கணித மேதை கார்ல் குஸ்தாவ் யாக்கோபியின் அண்ணன். மின்கலங்களால் இயங்கும் மோட்டாரைப் படகில் பொருத்தி, 1838-இல், சுமார் ஒரு டஜன் பேரை ஏற்றிக்கொண்டு நெவா நதியில் ஓட்டிக் காட்டியவர். கலங்களிலிருந்து உச்சத் திறனைப் பெறுவதற்குரிய அந்தச் சமநிலை விதி அவர் பேராலேயே யாக்கோபியின் விதி என்று வழங்கலாயிற்று. ஆனால் அந்த விதியை ஊன்றிப் படிக்காமல், மின்சார இயந்திரம் எதிலும் பாதிக்கு மேல் பயனாகப் பெறவே முடியாது, மறுபாதி உள்ளேயே எரிந்து தீர வேண்டியதே விதி என்று அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். மென்லோ பார்க்கில் எடிசனும், கணிதத்தில் அவருக்குத் துணை நின்ற ஃப்ரான்சிஸ் அப்டனும், டைனமோவின் அகத்தடையை வெளிச் சுற்றின் தடையைவிட மிகச் சிறியதாக்கி, பத்தில் ஒன்பது பங்கை வெளியே எடுக்கலாம் என்று அறிவித்தபோது, அதை நம்ப மறுத்தவர்கள் உண்டு. 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, அதிலிருந்து எரிந்த விளக்குகளே அதற்கு விடையாயின. "உச்சத் திறன் வேறு, சிக்கனம் வேறு. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதாக நினைத்ததுதான் அவர்கள் செய்த பிழை, உன்னுடையதும் அதுதான்" என்றார் ஆசிரியர்.

அந்த வருஷமே எங்களைப் பாபநாசம் மின் நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். 1944-இல் ஓடத் தொடங்கிய நிலையம் அது. தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் வேகத்தில் சுழலும் இயந்திரங்கள். என் மாமாவின் ஊர் வழியாக ஓடும் அதே தண்ணீர்தான் இங்கே சக்கரத்தைத் திருப்பிவிட்டுப் போகிறது என்ற நினைவு எனக்கு ஓர் உறவைப்போல் இருந்தது. ஜெனரேட்டரைக் குளிர்வித்து வெளிவரும் காற்றின் எதிரே கையை நீட்டிப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவே. ஆயிரக்கணக்கான கிலோவாட்டை ஊர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் அந்தப் பேரியந்திரம், அன்று ஒன்பது வாட்டுக்கு என் கையைச் சுட்ட அந்தச் சிறு சுருளின் நியாயப்படி நடந்திருந்தால், வெளியே அனுப்பும் அளவு உள்ளேயும் எரிந்து, சில நிமிஷங்களிலேயே செம்பெல்லாம் உருகியிருக்கும். அங்கிருந்த என்ஜினீயர் மின்கோபுரங்களைக் காட்டி, தொலைதூரத்துக்கு அனுப்புவதற்காக அழுத்தத்தை உயர்த்துகிறோம், மின்னோட்டம் குறைகிறது, கம்பியில் நஷ்டமும் குறைகிறது என்று விளக்கினார். நீளக் கம்பிக்குப் பெரிய ஓம் என்று வேப்ப மரத்தடியில் கேட்ட வாக்கியமே, அங்கே இரும்புக் கோபுரங்களாக மலைச்சரிவில் வரிசையாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த விஷயம் என்னை விட்டபாடில்லை. மாமாவின் கடையில் அட்டை கிழிந்த வால்வு கையேடு ஒன்று இருந்தது. அதில் 6வி6 வால்வுக்கு, ஒற்றையாக 250 வோல்ட்டில் இயக்கும்போது, அகத்தடை 50,000 ஓம் என்றும், கட்ட வேண்டிய சுமை 5,000 ஓம் என்றும் அச்சிட்டிருந்தது. பத்தில் ஒரு பங்கு! மூலமோ மூடி திருகிய பெட்டியைப்போல் கொடுக்கப்பட்டது. சுமை நம் இஷ்டம். அப்படியானால் 50,000 ஓம் அல்லவா கட்ட வேண்டும்? பல நாள் இந்தப் புதிரோடு உறங்கி எழுந்தேன். விடை அதே பக்கத்தில், இரண்டு வரிக்கு மேலேயே இருந்தது. அந்த வால்வில் ஓடும் நிலையான மின்னோட்டம் 45 மில்லியாம்பியர். கிடைக்கும் அழுத்தம் 250 வோல்ட். அந்த 45 மில்லியாம்பியரின் ஏற்ற இறக்கம் முழுவதும் 50,000 ஓமில் பாய வேண்டுமானால் 2,250 வோல்ட் வேண்டும், இருப்பதோ 250. வால்வு அதற்கு வெகு முன்பே முட்டிக்கொண்டு நின்றுவிடும், குரல் சிதையும். இருக்கிற 250 வோல்ட்டை 45 மில்லியாம்பியரால் வகுத்தால் ஐயாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் ஓம் வருகிறது. கையேடு சொன்ன எண்ணுக்கு அருகில். சமநிலை விதி, மூலம் எவ்வளவு வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. அழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் எல்லை கட்டியிருக்கும் இடத்தில், அந்த எல்லைகளே சுமையை நிச்சயிக்கின்றன. பாடப் புத்தகங்கள் இதை ஓர் அடிக்குறிப்பாகவாவது சொல்லியிருக்க வேண்டும் என்பது என்னுடைய நெடுநாளைய குறை.

அந்த 5,000 ஓமுக்கும் ரேடியோப் பெட்டியிலுள்ள ஸ்பீக்கரின் 4 ஓமுக்கும் நடுவே நின்று உறவை ஏற்படுத்துவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சுற்றுக்களின் விகிதம் முப்பத்தைந்துக்கு ஒன்று என்றால், தடைகளின் விகிதம் அதன் வர்க்கம், ஆயிரத்து இருநூற்றுச் சொச்சத்துக்கு ஒன்று. நான்கு ஓம், வால்வின் கண்ணுக்கு ஐயாயிரமாகத் தெரிகிறது. மாமா இந்த டிரான்ஸ்ஃபார்மர்களைத் தம் கையாலேயே சுற்றுவார். ஆயிரக்கணக்கான சுற்றுக்கள், எண்ணிக்கை தவறாதிருக்க, நூறுக்கு ஒரு புளியங்கொட்டையை ஓரமாக எடுத்து வைப்பார். அந்த நேரத்தில் கடைக்குள் யாரும் பேசக் கூடாது.

படிப்பு முடிந்து நான் ரேடியோ ஏரியல்களோடு வேலை செய்யப் போனேன். சமநிலை விதி தன் முழு மகிமையோடு விளங்குவதை அங்கேதான் கண்டேன். வானத்திலிருந்து வரும் அலை உண்மையாகவே கொடுக்கப்பட்டது; அதை நாம் கூட்டவும் முடியாது, அதன் பெட்டியைத் திறக்கவும் முடியாது. அரை அலை நீள ஏரியலின் நடுவே தோன்றும் தடை சுமார் 73 ஓம். அதில் பத்து மைக்ரோவோல்ட் விழுகிறதென்றால், மிகப் பொருத்தமாகக் கட்டினாலும் ரிஸீவருக்குக் கிடைப்பது ஒரு வாட்டில் ஏறக்குறைய மூன்று லட்சம் கோடியில் ஒரு பங்கு. அங்கே சிக்கனத்தைப் பற்றிக் கவலைப்படுவார் யாருமில்லை; கிடைக்கிற துளியில் ஒரு திவலையும் சிந்தக் கூடாது என்பதே கவலை. சுருளும் கண்டென்ஸருமாக வைத்து, ஏரியலில் ஒரு பக்கம் சாயும் தன்மை எவ்வளவோ, அதே அளவு எதிர்ப்பக்கம் சாயும்படி ரிஸீவரின் வாசலை அமைத்து, இரண்டும் ஒன்றையொன்று ரத்துசெய்த பிறகு எஞ்சும் தடைகளைச் சமமாக்குவோம். அந்த இடம் வந்தவுடன், அதுவரை இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடந்த ஒரு குரல், கடல் கடந்த ஏதோ ஒரு நிலையத்தின் குரல், மெல்ல எழுந்து தெளிவாகும். எத்தனை தடவை கேட்டாலும் என் மயிர்க்கால்கள் சிலிர்க்காமல் இருந்ததில்லை.

மாமா காலமாகிப் பல வருஷங்கள் கழித்து, கடையைக் காலிசெய்யும்போது பரண்மீதிருந்து அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரை இறக்கினோம். வால்வுகள் இல்லை, வைப்ரேட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பின்மூடியைத் துடைத்தபோது, அதன் உட்புறத்துத் தகரத்தில் பென்சிலால் எழுதிய வரிசை ஒன்று தெரிந்தது. ஊர்ப் பெயர், கம்பியின் நீளம், முனையின் எண். இருபது முப்பது ஊர்கள் இருக்கும். அந்தக் கோயில் தெருவுக்கு நேராக "90 கஜம்" என்றும், அதற்குப் பக்கத்தில் 8 என்று எழுதி ஒரு கோட்டால் அடித்து 16 என்றும் இருந்தது. அந்த எட்டு என் கையெழுத்து. அன்றிரவு நான் மரத்தில் ஏறுவதற்கு முன் எழுதி வைத்தது. அடித்துத் திருத்தியவர் மாமா.